கிணற்று உறைக்குள் தர்ப்பை

“புல்லுக்கு இங்கிலீசுல இன்னாம்மா?” என்று குணாக்கா கேட்டாள்.

“கிராஸ்” என்றேன்.

“கோரைக்கு?”

“அதுவும் கிராஸ்தான் அக்கா.”

“நாணலுக்கு?”

“எனக்குத் தெரிஞ்சவரைக்கும் அதுவும் கிராஸ்தான்.”

“நல்லா கீது போ. பத்துப் புள்ள பெத்து பத்துக்கும் ஒரே பேர வச்ச மாதிரி.”

நான் வேலிக்கு இந்தப் பக்கம் துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, மடியில் பரீட்சை அட்டையை வைத்து, ஒரு தொழிற்சாலை மேனேஜருக்கு இன்லண்டு கடிதத்தில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எழுது. ஐயா, என் ஊட்டாண்ட பதினோரு தினுசு புல்லு கீது. ஒண்ணுக்கும் தண்ணி ஊத்த வேணாம். உப்புக் காத்துக்கும் அசராது, மணல்லயும் நிக்கும்.”

எழுதினேன்.

“மாடு திங்குமோன்னு ஒரு பயம் இருக்கும் அவருக்கு. நடுவுல கீற தர்ப்பைய மாடு மோந்துகூடப் பாக்காதுன்னு எழுது. நாக்கு கிழிஞ்சிடும்.”

அதையும் எழுதினேன்.

“எல்லாம் சரி. வெறும் புல்லுன்னு எழுதினா சிரிப்பாரே? என் ஊட்டுக்காரர் மாதிரியே சிரிப்பாரு. வேற எதுனா நல்ல வார்த்த கீதா பாரு.”

உள்ளே போய் அகராதியைப் புரட்டிவிட்டு வந்தேன். “ஆர்னமென்டல் கிராஸ்னு போடலாம்” என்றேன்.

“அப்டின்னா?”

“அழகுக்காக வளர்க்கிற புல்லு.”

அவள் வேலிக் கம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். பிறகு, “அதுக்குன்னே ஒரு வார்த்த வச்சிக்கிறானா?” என்றாள்.

“வச்சிருக்கா அக்கா.”

“அப்போ ஒலகத்துல நான் ஒருத்தி மட்டும் பைத்தியம் இல்ல.” சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். “கடைசியா இத்த எழுது. நடுவுல வெள்ளியாட்டம் பூக்குற புல்லு ஒண்ணு கீது. தை மாசம் வந்து பாருங்க. அத்த மட்டும் பாத்தா போதும், மத்தது பாக்கத் தேவையில்ல.”

இது 1976 டிசம்பரில் நடந்த பேச்சு. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். தெருவில் யாருக்கு ஆங்கிலத்தில் மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம் வருவார்கள். அதிகம் பேசாத பெண், சொன்னதை வெளியே சொல்ல மாட்டாள் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயருக்கு நான் எவ்வளவு தகுதியானவள் என்பதைச் சொல்லாமல் குணாக்காவைப் பற்றி எழுத முடியாது.

அவள் முழுப்பெயர் குணசுந்தரி. ஊத்துக்கோட்டைக்கு அப்பால் ஒரு கிராமத்தில், நெல் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவள். ஒன்பது வயதிலிருந்து கழனியில் களை பறித்தவள். நாற்று மூன்று இலை விட்டிருக்கும்போது நெல்லையும் கோழிப்புல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரியவர்களே குழம்புவார்களாம். இவள் குனியாமலே சொல்லிவிடுவாளாம். “அண்ணன் கழனிக்கு மட்டுமில்ல, ஊர்க் கழனிக்கே என்னத்தான் கூப்புடுவாங்க. நான் புடுங்கின புல்ல அடுக்கினா ஆரணியாத்துக்கே கரை கட்டலாம்” என்று சொல்வாள். அதைப் பெருமையாகத்தான் சொல்வாள்.

கல்யாணமாகி, கணவர் ஆதிகேசவனோடு 1968-ல் மணவாள நகருக்கு வந்தாள். அவர் ஜீப் ஓட்டுபவர். மனையை வாங்கி, முன்பக்கம் இரண்டு அறை கட்டி, பின்பக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த வருட மழைக்குப் பின்பக்கம் முழுவதும் புல் முளைத்தது. ஒரு காலையில் கழனியில் உட்காருவதுபோலக் குந்தி உட்கார்ந்து பறிக்கத் தொடங்கினாள். பாதி மனையைச் சுத்தம் செய்துகொண்டு வந்தவள் ஒரு மயில்கொண்டைப் புல்லின் முன்னால் நின்றுவிட்டாள். கருஞ்சிவப்பில் சிறுசிறு தூரிகைகளாக அது பூத்திருந்தது. பின்னாலிருந்து வெயில் பட்டது.

“கை நின்னுடுச்சிம்மா. பதினஞ்சு வருஷமா இத்தப் புடுங்கிக்கினே இருந்தேனே, ஒரு நாளாவது மூஞ்சியப் பாத்தேனா?” இப்படித்தான் அந்தத் தோட்டம் ஆரம்பித்தது என்று அவளே சொன்னாள்.

நாங்கள் 1972-ல் அடுத்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தபோது தோட்டம் நன்றாக வளர்ந்திருந்தது. ஊருக்குள் பெருமாள் கோயில் தெருவில் இருந்த வீட்டை உரிமையாளர் கேட்டுவிட்டதால் அப்பா இங்கே வந்தார். என் அப்பா பராசரன் கோயில் குளத்துப் படியில் அமாவாசைகளில் தர்ப்பணம் செய்துவைப்பவர். மற்ற நாட்களிலும் கோயில் வேலைக்காகத் தினமும் மணவாள நகரிலிருந்து சைக்கிளில் போய்வருவார்.

குணாக்காவின் தோட்டத்தில் பூச்செடி ஒன்றுகூடக் கிடையாது. துவைக்கும் தண்ணீர் ஓடும் பள்ளத்தில் கோரை. சுவர் ஓரம் ஆள் உயரத்துக்கு வெட்டிவேர். ஆரணியாற்றிலிருந்து பெயர்த்து பஸ்ஸில் கொண்டுவந்த நாணல். அதற்குக் கண்டக்டர் அரை டிக்கெட் கேட்டாராம். “கொழந்தைக்குத்தானே அரை டிக்கெட்டு, இது கெழவி” என்று இவள் சண்டை போட்டாளாம். இலையில் வெள்ளைக்கோடு ஓடும் நாணல் ஒன்று, யாரோ அதிகாரி வீட்டுக் குப்பையில் கிடந்தது. ஊசிப்புல் ஒரு மூலையில் இருக்கும். அதன் பக்கம் போனவர்கள் சேலையில் ஒட்டிய ஊசியைப் பிடுங்கிக்கொண்டே வீடு திரும்பவேண்டும்.

நடுவில் தர்ப்பை. அதை எப்படி வளர்த்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். தர்ப்பையின் வேர் மண்ணுக்கடியில் ஓடி, பத்தடி தள்ளித் தலைகாட்டும். விட்டால் மற்றதையெல்லாம் தின்றுவிடும். அதனால் விரிசல்விட்ட சிமென்ட் கிணற்று உறை ஒன்றை ஒரு சாண் வெளியே தெரியும்படி மண்ணில் புதைத்து, அந்த வட்டத்துக்குள் நட்டிருந்தாள். வேரால் தாண்ட முடியாது. ஆடியில் ஒருமுறை முழங்கால் உயரத்துக்குக் கத்தரிப்பாள். காய்ந்த தாளைப் பல் போன மரச்சீப்பால் வாருவாள். கிணற்று வாயிலிருந்து பச்சைத் தண்ணீர் பொங்கி நாலாபக்கமும் வழிவதுபோல அது நிற்கும். தை பிறந்ததும் ஒவ்வொரு தண்டின் நுனியிலும் பட்டுநூல்போல வெள்ளையாகப் பூ வரும்.

அப்பா அதைப் பார்த்ததே இல்லை. அவர் விடியுமுன் போய், பெரும்பாலும் இருட்டிய பிறகு வருபவர். வேலி ஓரம் போய் எட்டிப் பார்க்கிற பழக்கமும் அவருக்கு இல்லை.

தெருவில் அவளைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. வாசலில் புல் முளைத்தால் குடும்பம் கெட்டுவிட்டது என்று அர்த்தம் கொள்ளும் ஊர் இது. எதிர்வீட்டு செண்பகம் அம்மாள், “ஏன் குணா, ஆள் இருக்கிற ஊட்டயே பாழடைஞ்ச ஊடா பண்ணிக்கினு கீறியே, உனக்கே நல்லா கீதா?” என்பாள். “பாழடைஞ்ச ஊட்டுக்கு யாரும் கடன் கேட்டு வரமாட்டாங்கக்கா, அதான்” என்பாள் குணாக்கா. செண்பகம் அம்மாள் முந்தின நாள்தான் கடனாகச் சர்க்கரை வாங்கிப் போயிருப்பாள்.

ஆதிகேசவன் கெட்டவர் அல்லர். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலையில் மேனேஜருக்கு ஜீப் ஓட்டினார். வாரம் முழுவதும் அங்கேயே ஷெட்டில் தங்கி, சனிக்கிழமை வருவார். பின்பக்கத்தில் ஓர் அறை கட்டி வாடகைக்கு விட வேண்டும் என்பது அவர் ஆசை. “பொங்கல் வரைக்கும் டைம் குடுக்கறேன். அதுக்கப்புறம் கொத்தனார் வருவான்” என்று சொல்லியிருந்தார். ஆனால் அவர்தான் அந்த வாய்ப்பையும் கொண்டுவந்தார். தொழிற்சாலை ஆபீசுக்கு முன்னால் நட்ட ரோஜாவும் மல்லிகையும் உப்புக் காற்றில் கருகிவிட்டன. மேனேஜர் ஜீப்பில் அலுத்துக்கொண்டபோது, இவர் விளையாட்டாக, “என் சம்சாரம் புல்லு வளக்கிறா சார்” என்று சொல்லியிருக்கிறார். மேனேஜர் சிரிக்கவில்லை. “என்னென்ன இருக்குன்னு எழுதித் தரச்சொல்லு. பிடிச்சிருந்தா அவங்களையே வேலைக்கு வச்சிக்கலாம்” என்றாராம்.

அதற்காகத்தான் அந்தக் கடிதம். பொங்கல் முடிந்த அடுத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது. பதிலை நான்தான் படித்துச் சொன்னேன். என்னை மூன்று தரம் படிக்கச் சொன்னாள். மேனேஜருக்குப் பிடித்தால் தோட்டம் நிற்கும், அவளுக்கும் வேலை. பிடிக்காவிட்டால் கொத்தனார். எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது.

இடையில் அண்ணன் வீட்டில் சம்பா அறுவடை. போகாவிட்டால் அண்ணன் கோபித்துக்கொள்வார். திங்கட்கிழமை கிளம்பும்போது பின்கதவுச் சாவியை என் கையில் கொடுத்தாள்.

“வெள்ளிக்கெழம வந்துடுவேன். தண்ணி ஒண்ணும் ஊத்த வேணாம். ஒரு வாட்டி எட்டிப் பாத்துக்கினா போதும்.”

“நான் பார்த்துக்கறேன் அக்கா” என்றேன்.

புதன்கிழமை தை அமாவாசை. வருடத்தில் அப்பாவுக்கு முக்கியமான நாள். மெட்ராஸிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் ரயில் ரயிலாக ஜனங்கள் வந்து குளத்தில் இறங்குவார்கள். அப்பாவுக்கு அந்த வருடம்தான் வடக்குப் படியில் நல்ல இடம் கிடைத்திருந்தது. வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

ஒவ்வொரு தை அமாவாசைக்கும் குப்பம்மாள் என்ற அம்மாள் ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து தலைச்சுமையாகத் தர்ப்பணத்துக்கு வேண்டிய தர்ப்பை கொண்டுவந்து கொடுப்பாள். அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. அவள் வீட்டில் சாவு என்று பின்னால் தெரிந்தது. அப்பா பரணில் வைத்திருந்த பழைய கட்டை இறக்கினார். கட்டு அப்படியே மண்ணாக உதிர்ந்தது. கரையான்.

அம்மா காஞ்சிபுரத்தில் மாமா வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் அப்பாவும்தான். சாயங்காலம் நாலரை மணி இருக்கும். அப்பா கூடத்தில், கரையான் மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“நாளைக்கு இன்னொருத்தர்கிட்டக் கேக்க முடியாது. யார் தருவா? அவா அவாளுக்கே போறாது” என்றார். என்னிடம் சொல்லவில்லை, தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். என் அப்பா அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

“பக்கத்தாத்துல இருக்குப்பா” என்றேன்.

“என்ன இருக்கு?”

“தர்ப்பை. நிறைய இருக்கு.”

அப்பா நிமிர்ந்தார். “ரெண்டு கட்டு தேறுமா?”

“தேறும்.”

“அப்போ ஓடு. அந்தப் பொண்ணுகிட்ட விஷயத்தைச் சொல்லிக் கேளு. கேக்காம ஒரு தாள்கூடத் தொடாதே. கேக்காம எடுத்த பொருள் பித்ருக்களுக்குப் போய்ச் சேராது. சூரியன் அஸ்தமிக்கறதுக்குள்ள அறுத்துடணும்.”

குணாக்கா ஊரில் இல்லை என்பது அப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

அவளுடைய பின்கதவைத் திறந்துகொண்டு போய், தர்ப்பைக்கு முன்னால் நின்றேன். பூ முழுவதும் வந்திருந்தது. சாய்ந்த வெயிலில், கடிதத்தில் எழுதியிருந்தபடியே வெள்ளியாக இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. திரும்பி வீட்டுக்குப் போய், “அக்கா ஊரில் இல்லை அப்பா” என்று சொல்லியிருக்கலாம். அப்பா வேறு வழி பார்த்திருப்பார், அல்லது பாராமல் இருந்திருப்பார். நான் திரும்பிப் போனேன். வாசற்படியில் நின்றபடியே, “கேட்டாச்சுப்பா” என்றேன்.

“தாராளமா எடுத்துக்கச் சொன்னாளா?”

“சொன்னா.”

பிறகு அவள் கருக்கரிவாளையே ஆணியிலிருந்து எடுத்து, அடியோடு அறுத்தேன். பழக்கமில்லாத கை. விரல்களில் கீறிக்கொண்டே இருந்தது. பூவை நறுக்கிக் குப்பைக்குழியில் போட்டு மண்ணைத் தள்ளினேன். இரண்டு கட்டுக்குப் போதாதோ என்ற பயத்தில் ஒரு தாளைக்கூட விடவில்லை. அப்பா கட்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்து, “எவ்வளவு நல்ல தர்ப்பை. குப்பம்மாள்கூட இப்படிக் கொண்டுவந்ததில்லை” என்றார். என் விரலில் இருந்த ரத்தத்தைப் பார்த்து மஞ்சள் வைக்கச் சொன்னார்.

மறுநாள் அப்பா வீடு திரும்பியபோது மத்தியானம் மூன்று மணி. குரல் கட்டியிருந்தது. முந்நூறு பேருக்கு மேல் என்றார். ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் குணாக்கா வந்தாள். அவளாகப் பார்ப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு நாளாக ஒரு வார்த்தையைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதைத்தான் சொன்னேன்.

“அக்கா, பின்கதவைச் சரியாச் சாத்தாம விட்டுட்டேன். மாடு வந்து மேஞ்சுடுத்து.”

“மாடா?”

“ஆமாம்.”

“எத்த மேஞ்சுச்சி?”

“தர்ப்பையை.”

சொல்லி முடித்த பிறகுதான், ‘மாடு மோந்துகூடப் பாக்காது’ என்று என் கையாலேயே ஆங்கிலத்தில் எழுதியது நினைவுக்கு வந்தது.

அவள் பின்பக்கம் போனாள். நானும் போனேன். உறைக்குள் நாலு விரல் உயரத்துக்குக் கட்டை கட்டையாக நின்றது. குனிந்து உள்ளங்கையை அதன்மேல் தடவினாள். களை பறித்த கை. அரிவாள் எந்தப் பக்கம் நின்று அறுத்தது என்றுகூட அந்தக் கைக்குத் தெரிந்திருக்கும். பக்கத்தில் கோரையும் மயில்கொண்டையும் ஒரு தாள் கலையாமல் இருந்தன. பிறகு எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த அரிவாளை எடுத்தாள். அதன் பல்லில் பச்சை காய்ந்து ஒட்டியிருந்தது. சேலைத் தலைப்பால் அதைத் துடைத்து மறுபடி மாட்டினாள்.

“கையில இன்னா காயம்?” என்றாள்.

“தேங்காய் உடைக்கறச்சே பட்டுடுத்து.”

“ஜாக்கிரதையா இரும்மா” என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனாள்.

அதோடு முடிந்திருந்தால், ஒருவேளை அவளுக்கு முழுவதும் தெரியாமலே போயிருக்கும். மறுநாள் சனிக்கிழமை, அப்பா தாம்பாளத்தில் தேங்காய், பழம், கோயில் பிரசாதம் வைத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்குப் போனார். நான் தடுக்க நினைத்தேன். என்ன சொல்லித் தடுப்பது என்று தெரியாமல் அவர் பின்னாலேயே போனேன்.

“உன்னாலதாம்மா அன்னிக்கு என் மானம் பிழைச்சுது” என்றார் அப்பா. “நீ மனசாரக் கொடுத்தியே, அதுதான் பெரிசு. கேக்காம எடுத்ததால பண்ற கர்மா போய்ச் சேராதும்மா. அதனாலதான் இவளை, கேட்டுட்டு எடுன்னு அனுப்பினேன். ரெண்டு கட்டு தர்ப்பையில முந்நூறு பேர் பெரியவாளுக்கு ஜலம் விட்டுட்டுப் போனா.”

குணாக்கா அப்பாவைப் பார்த்தாள். பிறகு அவர் தோளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள்.

“அதுக்கு இன்னா சாமி” என்றாள். “பக்கத்து ஊடுதானே. புல்லுதானே.”

தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. குணாக்கா கல்யாணத்துக்குக் கட்டுவதுபோல் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். எனக்கும் ஆள் அனுப்பினாள், இங்கிலீஷில் ஏதாவது கேட்டால் சொல்வதற்கு. மேனேஜரோடு இன்னொரு அதிகாரியும் வந்திருந்தார். மேனேஜர் சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்துப் பிரித்தார். தோட்டத்தின் நடுவுக்கு நேராகப் போய், கிணற்று உறைக்குள் பார்த்தார்.

“இதுதான் அந்த வெள்ளிப் புல்லா?” என்று தமிழில் கேட்டார்.

“அதான் சார். இப்போ அறுத்துக் கீது. ஆறு மாசத்துல வந்துடும்” என்றாள் குணாக்கா. மாடு என்று சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

ஆதிகேசவன், “ஏண்டி, இன்னைக்கின்னு பாத்தா அறுப்பே?” என்று பல்லைக் கடித்தார். அவள் மேனேஜருக்கு நாணலைக் காட்ட முன்னால் நடந்தாள்.

மேனேஜர் நாணல் பூ உதிர்ந்து நின்ற தண்டுகளைப் பார்த்தார், கோரையைப் பார்த்தார். அவர் கால்சட்டை முழுவதும் ஊசிப்புல் ஒட்டிக்கொண்டது. குனிந்து அதைப் பிடுங்கிக்கொண்டே கூட வந்தவரிடம் ஆங்கிலத்தில் பேசினார். பிறகு குணாக்கா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, வணக்கம் சொல்லிப் புறப்பட்டார்.

ஜீப் திரும்பியதும் குணாக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். “இன்னா சொன்னாரு?”

அவர் சொன்னது இதுதான்: “வீணாக வந்தோம். இந்தக் களையெல்லாம் நம் வேலிக்கு வெளியிலேயே இருக்கிறது. மெட்ராஸிலிருந்து ஆளை வரவழைத்துவிடுங்கள்.”

“யோசிச்சுக் கடிதம் எழுதறாராம் அக்கா” என்றேன்.

எனக்கு அந்தப் பொய்தான் மற்ற இரண்டையும்விட அதிகமாக உறுத்துகிறது. முதல் பொய் அப்பாவுக்காக, இரண்டாவது பயத்தால் என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்றாவதை இரக்கம் என்று நினைத்துத்தான் சொன்னேன். அதனால் அவள் முப்பத்தாறு நாள் தபால்காரருக்காகக் காத்திருந்தாள். சைக்கிள் மணி கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவாள். எங்களுக்குக் கடிதம் வந்தால்கூட, “கும்மிடிப்பூண்டி முத்திரையா பாரு” என்பாள். நான் பார்த்து, இல்லை என்பேன். கொத்தனாரை ஒரு வாரம், இன்னொரு வாரம் என்று தள்ளிப்போட்டாள்.

மாசி நடுவில் கொத்தனார் வந்தார். ஆட்களை வைத்துச் சுத்தம் செய்கிறேன் என்றதற்கு, “வேணாம், நானே புடுங்கிடறேன்” என்று குந்தி உட்கார்ந்தாள். ஒரே காலைதான். அவள் வேகத்தைப் பார்த்து கொத்தனாரே அசந்துபோனார். வெட்டிவேரிலும் மயில்கொண்டையிலும் கொஞ்சம் மண்ணெண்ணெய் டின்களில் எடுத்துவைத்தாள். தர்ப்பை வேரைத் தோண்டி எடுக்க முடியவில்லை. உறையோடு அப்படியே மூடி, மேலே தளம் போட்டார்கள். முதல் மழைக்கு அது சிமென்டைப் பிளந்துகொண்டு ஒரு முளை விட்டது. அறையில் குடியிருந்தவர் அதைக் கிள்ளிப் போட்டார். மறுபடியும் விட்டது. இப்போதும் விடுகிறது. நான் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்க்கிறேன்.

அடுத்த வருடம், 1978 ஆனி மாதம், அவர்கள் முன்வீட்டையும் வாடகைக்கு விட்டுவிட்டுக் கும்மிடிப்பூண்டிக்கே குடிபோனார்கள். ஆதிகேசவன் வாடகை வாங்க வரும்போது செய்தி சொல்வார். தொழிற்சாலை முகப்பில் மெட்ராஸிலிருந்து வந்த ஆட்கள் பச்சைப் பாய்போலப் புல்தரை போட்டிருக்கிறார்களாம். தினமும் லாரியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறார்களாம். குணாக்காவுக்கு அங்கேயே கேன்டீனில் பாத்திரம் தேய்க்கும் வேலை. “அவளுக்கு ஒண்ணியும் கொறை இல்லம்மா. அந்தப் புல்லாண்ட மட்டும் போவ மாட்டேங்கறா, சுத்திக்கினு பின்பக்கமா போறா” என்று போன மாதம் சொன்னார்.

குடிபோகும் வரை குணாக்கா அதைப் பற்றி என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பழையபடியே பேசினாள், தாளித்த மோர் கொடுத்தாள், என் டைப்ரைட்டிங் பரீட்சைக்குத் திருநீறு பூசிவிட வந்தாள், பிறகு நாங்கள் நாமக்காரர்கள் என்று நினைவு வந்து சிரித்தாள். நான்தான் மாறிப்போனேன். அவள் குரல் கேட்டால் உள்ளே போய்விடுவேன். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்த நாட்களை எண்ண முடியாது. ஒவ்வொரு அமாவாசையும் அப்பா குளித்துவிட்டு வந்து தர்ப்பையில் முடிந்த பவித்திரத்தை விரலில் போடும்போது நினைத்துக்கொள்வேன். அவரிடம் சொன்னால், அந்த முந்நூறு பேரையும் எண்ணி அவர் சாப்பிடாமல் இருப்பார். அவளிடம் சொன்னால், அவளுக்குத் தெரிந்ததையே சொல்வதாகும். இப்படி ஒன்றைக் காட்டி இன்னொன்றைச் செய்யாமல் இருந்தேன்.

குடிபோன நாள் காலையில் அவள் எங்கள் வாசலுக்கு வந்தாள். அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள். சாமான் ஏற்றிய வண்டி தெருமுனையில் நின்றது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல், “பஸ்ஸுக்கு நேரமாச்சா அக்கா?” என்றேன்.

“கீது நேரம்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “உங்கப்பா நல்ல மனுசன் அலுமேலு. தட்டுல தேங்கா பழம் வச்சிக்கினு, நான் குடுத்தேன்னு நெனச்சிக்கினு வந்து நின்னாரு பாரு, அது என் மனச உட்டுப் போவல. கேக்காம எடுத்தது போய்ச் சேராதுன்னாரே. முந்நூறு ஊட்டுப் பெரியவங்க. அவங்க இன்னா பாவம் பண்ணாங்க? அவங்க இன்னும் தாகமா நிக்கறாங்களோன்னு எனக்கு ஒரே பேஜாரா கீது.”

என் வாயிலிருந்து தானாக ஒன்றும் வராது என்று அவளுக்குத் தெரியும். தடம் தடமாகக் காய்ப்பேறிய கையை நீட்டி என் கையைப் பிடித்தாள்.

“போனது போவட்டும். தோட்டமும் போச்சி, அந்த மேனேஜரும் வரப்போறதில்ல. நான் பஸ் ஏறத்துக்கு முன்ன எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணு. ‘அக்கா, அந்தப் புல்ல எனக்குக் குடு’ன்னு இப்போ கேளு. ஒரே ஒரு வாட்டி, உன் வாயால கேளும்மா. நான் குடுத்துட்டுப் போறேன்.”